பழுப்பா, ரோஸா? ஓல்ட் ஜட்ஜ் பேஸ்பால் அட்டைகளின் நிறப் பஞ்சாயத்து

ஒரே ஆட்டக்காரர், ஒரே தோரணை, கீழே அதே பெயர். ஆனால் ஒரு அட்டை டிகாஷன் நிறத்தில் இருக்கிறது, இன்னொன்று ரோஸ் பவுடர் பூசியதுபோல் இருக்கிறது. 1880களின் 'ஓல்ட் ஜட்ஜ்' சிகரெட் அட்டைகளைத் தேட ஆரம்பிக்கிறவர்கள் சீக்கிரமே மாட்டிக்கொள்ளும் குழப்பம் இது. ரோஸ் என்றால் கெட்டுப்போனது என்று ஒதுக்குவார்கள் சிலர். பழுப்புதான் அசல் என்று அடித்துச் சொல்வார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டுமே அவசரத் தீர்ப்பாகத்தான் படுகிறது.

நியூயார்க்கின் குட்வின் நிறுவனம் 1886 முதல் 1890 வரை சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த அட்டைகள் இவை. அகலம் ஒன்றரை அங்குலம்கூட இல்லை, உயரம் இரண்டரை. ஒவ்வொன்றும் மைகொண்டு அச்சடித்த படமல்ல, அட்டையில் ஒட்டிய நிஜமான போட்டோ. ஐநூறுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள், ஆயிரக்கணக்கான தோரணைகள். அமெரிக்க அட்டைச் சேகரிப்பாளர் ஜெஃபர்சன் பர்டிக் வகுத்த எண்முறைப்படி சேகரிப்பாளர்கள் இதை 'என் 172' என்பார்கள். 'என்' என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டு. ஸ்டுடியோவுக்குள் எடுத்த படங்கள் என்பதால், வீரர் பிடிக்கப் பாயும் பந்து பல படங்களில் நூலில் கட்டித் தொங்கும். அந்த நூலை மறந்துவிடாதீர்கள், பிறகு உதவும்.

நிறப் பிரச்சினையின் வேர் முட்டையில் இருக்கிறது. உப்பு சேர்த்த வெள்ளைக்கருவைக் காகிதத்தில் பூசி, அதன்மேல் சில்வர் நைட்ரேட் ஏற்றி, கண்ணாடி நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டினால் படம் தானாக எழும். ஆல்புமென் காகிதம் என்று பெயர். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஒரே ஒரு ஆலை 1888இல் இதற்காக 60 லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை உடைத்தது. (மஞ்சள் கருவை என்ன செய்தார்கள் என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.) வெயிலில் எழும் படம் செம்பழுப்பாக இருக்கும். அதைத் தங்கக் குளோரைடு கரைசலில் முக்கினால் நிறம் ஊதா கலந்த ஆழ்ந்த பழுப்புக்கு நகரும், படமும் நீடித்து நிற்கும். பிறகு படத்தை நிலைநிறுத்தும் ஹைபோ கரைசலில் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். தங்கத்தில் சிக்கனம் பிடித்தாலோ கழுவுவதில் அவசரம் காட்டினாலோ அது பின்னாளில் படத்தில் தெரியும்.

ஆக 'பழுப்பு' என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவது ஒரே நிறமல்ல. தங்கம் நன்றாக ஏறிய அட்டை சாக்லேட் போல இருக்கும். ஏறாதது செங்கல் பக்கம் சாயும். மூன்றாவது வகை காய்ந்த பனையோலை நிறம். அது பிறவி நிறமே அல்ல, முதுமை. வெள்ளைக்கருவோடு ஒட்டிக்கொண்ட வெள்ளியில் ஒரு பகுதி எவ்வளவு கழுவினாலும் போகாது. ஈரமும் காலமும் சேர்ந்தால் படத்தின் வெளிச்சமான இடங்கள் மஞ்சளாகும், நுணுக்கங்கள் கரையும்.

ரோஸ் கதை வேறு. காகிதம் மஞ்சளாவது அந்தக் காலத்து ஆட்களுக்கே தெரிந்த தொல்லைதான். அதை மறைக்கவும் முகத்துக்கு ஒரு களை கொடுக்கவும், வெள்ளைக்கருவில் கொஞ்சம் சாயம் கலந்து ஆலையிலேயே நிறமேற்றிய காகிதம் விற்றார்கள். ரோஸ், ஊதா, நீலம் எல்லாம் கிடைத்தன. ரோஸ் ஓல்ட் ஜட்ஜுக்கு இதுதான் பொருத்தமான விளக்கம். அப்படியென்றால் அது கறையல்ல, தயாரிப்பிலேயே வந்த நிறம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தச் சாயங்கள் வெளிச்சம் பட்டால் வெளுக்கும். இன்று வெளிர்பழுப்பாகத் தெரியும் சில அட்டைகள் ரோஸாகப் பிறந்தவையாக இருக்கலாம். இன்றும் ரோஸ் குறையாமல் இருக்கும் அட்டை நூற்று முப்பது சொச்சம் வருடங்களில் பெரும்பகுதியை இருட்டில் கழித்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். அதைக் கெட்டது என்று தள்ளுகிறவர், நன்றாகப் பாதுகாத்த பொருளைத்தான் தள்ளுகிறார்.

எது எது என்று பிரிக்க, படத்தின் கருமையைப் பார்த்துப் பயனில்லை. வெள்ளையைப் பாருங்கள்: சட்டை, காலுறை, பின்திரையின் வெளிறிய பகுதி. வெள்ளை முழுக்க ஒரே சீராக ரோஸ் படிந்திருந்தால் சாயக் காகிதம். வெள்ளை மஞ்சளாகி, ஓரங்களில் இன்னும் மோசமாகி, முகமும் கரைந்திருந்தால் வயது. வெள்ளை ஓரளவு சுத்தமாக இருந்து கருமை மட்டும் செம்மையாக இருந்தால் தங்கம் போதவில்லை. லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் நிறத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம், அது பிற்கால அச்சு.

ஒப்பிட 1913இன் ஃபாத்திமா சிகரெட் அணிப்படங்களை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் இரண்டு பெரிய பேஸ்பால் லீக்குகளின் 16 அணிகளுக்கும் ஒவ்வொரு அட்டை. இவையும் நிஜப் போட்டோக்களே, ஆனால் முட்டையின் இடத்தை ஜெலட்டின் பிடித்துவிட்ட காலம். நிறம் சாம்பலை ஒட்டி நிற்கும், ரோஸ் தகராறு கிடையாது. கெடுகிற விதம்தான் நேர் எதிர். ஆல்புமெனில் வெளிச்சப் பகுதி முதலில் போகும், ஜெலட்டினிலோ இருண்ட பகுதியின் ஓரங்களில் நீலம் கலந்த வெள்ளி மினுமினுப்பு ஏறும். வீட்டில் தாத்தா காலத்து கறுப்பு வெள்ளைப் படம் இருந்தால் சாய்த்துப் பாருங்கள், அதே மினுமினுப்புதான். நிறத்தில் தொல்லை இல்லாதது வேண்டுமென்றால் ஃபாத்திமா போதும். ஆனால் காகிதம் மெல்லியது, மடிப்பு விழாததைத் தேடி அலைய வேண்டியிருக்கும். அழகில் எனக்கு ஓல்ட் ஜட்ஜ் பக்கத்தில்கூட அது வராது.

சரி, காசு கொடுக்கும்போது எதை எடுப்பது? நிறத்தைவிடப் படத்தின் அழுத்தமும் தெளிவும் முக்கியம். பந்து தொங்கும் நூல் தெரிகிறதா? பந்துவீச்சாளர் ஹாஸ் ராட்போர்ன் தன் அட்டையில் குறும்பாக நீட்டியிருப்பதாகச் சொல்லிச் சிரிப்பார்களே, அந்த நடுவிரல் தெரிகிறதா? தெரிந்தால் ரோஸானாலும் எடுங்கள். தெரியாத சாக்லேட் பழுப்பைவிட அது மேல். தரம் பார்க்கும் நிறுவனங்கள் ஒன்றிலிருந்து பத்துவரை போடும் தர எண்ணை நம்பி மட்டும் வாங்கவும் வேண்டாம். பழைய ஆல்பத்திலிருந்து உரித்ததில் பின்புறம் கிழிந்து, அதனாலேயே எண் ஒன்று வாங்கிய அட்டைகளில் பிரமாதமான படங்கள் உண்டு. ஓல்ட் ஜட்ஜின் பின்புறம் வெறும் வெற்று அட்டை, அங்கே இழக்க ஒன்றுமில்லை. மாறாக, மூலைகள் கூராக இருந்து முகம் ஆவிபோல் மங்கிய அட்டைகள் நல்ல எண்ணோடு உலவுகின்றன.

இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஸ்கேனரின் தானியங்கித் திருத்தம் ரோஸைப் பழுப்பாக்கிவிடும், மஞ்சளை வெள்ளையாக்கிவிடும். அட்டையின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் போனில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாக்குப்போக்கு வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.