மோகன் குமாரமங்கலம் ஆடியோ தொடர்: பத்து எபிசோடும் கேட்டாச்சு, வக்கீலைத்தான் காணோம்

ஆப் பேரு சொல்லல, சொன்னா சண்டைக்கு வருவாங்க. வக்கீல், கம்யூனிஸ்ட், கடைசில இந்திரா காந்தி மந்திரினு இருந்த மோகன் குமாரமங்கலம் வாழ்க்கையை பத்து எபிசோடா போட்டிருக்காங்க, ஒவ்வொண்ணும் அரை மணி நேரத்துக்கு கொஞ்சம் கூடக்குறைய. ஆபீஸ் போற வர பஸ்லயே ஒரு வாரத்துல முடிச்சுட்டேன். அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுக்கலாம், அதுலயும் ஒண்ணு ஏழாவது எபிசோடுக்கு மட்டும்.

முதல் மூணு எபிசோடு முழுக்க குடும்பம். சரி, குடும்பம் அப்படி, நானும் ஒத்துக்குறேன். அப்பா பி. சுப்பராயன், திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன், 1926ல இருந்து 1930 வரைக்கும் சென்னை மாகாணத்தோட முதல் மந்திரி. அம்மா ராதாபாய் மங்களூர்க்காரங்க, அவங்களும் டெல்லில கவுன்சில் ஆஃப் ஸ்டேட்ல, அதாவது வெள்ளைக்காரன் காலத்து மேலவைல, உறுப்பினரா இருந்தவங்க. அண்ணன் ராணுவத் தளபதி. தங்கச்சி பார்வதி கிருஷ்ணன் கோயம்புத்தூர்ல கம்யூனிஸ்ட் எம்.பி. ஒரே வீட்டு சாப்பாட்டு மேஜைல இத்தனை கட்சியும் பதவியும் உக்காந்திருந்தா எந்த கதைசொல்லிக்கும் எச்சில் ஊறத்தான் செய்யும். ஆனா அதுக்காக குதிரை வண்டி சத்தம், பங்களா கதவு திறக்குற சத்தம், ஈட்டன் ஸ்கூல்ல மணி அடிக்கிற சத்தம்னு ஒன்றரை மணி நேரமா? ஹீரோ கேம்பிரிட்ஜ் போயி, மாணவர் யூனியன் தலைவராகி, பார்-அட்-லா (பாரிஸ்டர் படிப்பு) முடிச்சு, கம்யூனிஸ்டா கப்பல் ஏறி ஊர் திரும்புறதுக்குள்ள நான் ரெண்டு தடவை தூங்கிட்டேன், ஒரு தடவை ஸ்டாப்பே தாண்டிருச்சு.

நாலாவது எபிசோடு சென்னை சதி வழக்கு, வெள்ளைக்காரன் அரசாங்கம் கம்யூனிஸ்டுங்க மேல போட்ட கேஸ். இது ஓரளவு நல்லா வந்திருக்கு. ஜமீன் வீட்டுப் பையன், சட்டம் படிச்சவன், கம்யூனிஸ்ட் தலைவருங்க பி. ராமமூர்த்தி, உமாநாத் கூடல்லாம் குற்றவாளிக் கூண்டுல நிக்கிறான். வக்கீல் வாழ்க்கையே குற்றவாளிக் கூண்டுல ஆரம்பிக்குது, இதை விட என்ன வேணும். ஆனா அதுக்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல வக்கீலாவும் கட்சிக்காரராவும் இருந்த ஆள், அந்தக் காலத்தை "பின்னர் அவர் சிறந்த வழக்கறிஞராகத் திகழ்ந்தார்"னு ஒரே வரில தாண்டிட்டாங்க. கோர்ட்ல எப்படி பேசுவாரு, எந்த மாதிரி கேஸ் எடுத்தாரு, ஜூனியருங்க என்ன சொன்னாங்க, ஒரு மண்ணும் இல்ல. எனக்கு இந்த தொடர் மேல இருக்குற பெரிய கோவமே இதுதான். கம்யூனிஸ்டா ஜெயிலுக்கு போனவரு 1966ல காங்கிரஸ் ஆட்சில, அதுவும் பக்தவத்சலம் ஆட்சில, மாநில அரசாங்கத்தோட தலைமை வக்கீல், அதாவது அட்வகேட் ஜெனரல் ஆகுறாரு. அதே வருஷம்தான் அண்ணன் பி.பி. குமாரமங்கலம் ராணுவத் தளபதி ஆகுறாரு. நானா இருந்தா இந்த ஒரு வருஷத்துக்கே ஒரு எபிசோடு குடுத்திருப்பேன். இவங்க குடுத்தது ரெண்டு நிமிஷம், அதுலயும் பாதிக்கு வீணை வாசிக்கிறாங்க.

ஏழாவதுதான் உருப்படி. 1971ல பாண்டிச்சேரில ஜெயிச்சு லோக்சபா போயி, இந்திரா காந்தி அமைச்சரவைல எஃகு, சுரங்கத் துறைக்கு மந்திரி ஆகுறாரு. முதல்ல எஃகு ஆலைக்கு வேண்டிய கோக் தயாரிக்கிற நிலக்கரி சுரங்கங்களோட நிர்வாகத்தை அரசாங்கம் எடுத்துக்குது, 1972 மே மாசம் அதெல்லாம் நாட்டுடைமை, அடுத்த 1973 மே மாசம் மீதி சுரங்கங்களும். முதல்ல நிர்வாகம், அப்புறம் உடைமை, இப்படி ரெண்டு படியா ஏன் போனாங்கன்னு பொறுமையா சொல்லிருக்காங்க. ஒரே அடியா சட்டம் போடப் போறோம்னு முன்னாடியே தெரிஞ்சா சுரங்க முதலாளி மெஷினை எல்லாம் கழட்டி வித்துட்டு போயிருவான், அதனால முதல்ல சாவியை வாங்கிக்கணும், அது வக்கீல் மூளைனு அந்த இடத்துல எனக்கு பட்டுச்சு. அரசாங்க எஃகு கம்பெனியான செயில் 1973 ஜனவரில ஆரம்பிச்ச கதையும் இதுலயே வருது. இதை எழுதின ஆளையே மொத்த தொடரையும் எழுத விட்டிருக்கலாம்.

ஏன்னா ஒன்பதாவதுல சொதப்பிட்டாங்க. அரசியல் சட்டத்தோட அடிப்படை அமைப்பை நாடாளுமன்றமே மாத்த முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்ன கேசவானந்த பாரதி தீர்ப்பு 1973 ஏப்ரல் 24, பதிமூணு நீதிபதிகள், ஏழுக்கு ஆறு. மறுநாளே சீனியர் நீதிபதிங்க ஷெலத், ஹெக்டே, குரோவர் மூணு பேரையும் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதினு அறிவிப்பு வருது, மூணு பேரும் ராஜினாமா பண்றாங்க. நாடாளுமன்றத்துல அதை நியாயப்படுத்தி பேச எழுந்து நின்னது சட்ட மந்திரி மட்டும் இல்ல, சுரங்க மந்திரி குமாரமங்கலமும்தான். நீதிபதியோட சீனியாரிட்டி மட்டும் போதாது, அவரோட பார்வை என்னன்னும் அரசாங்கம் பாக்கலாம்ங்கிறது அவர் வாதம். அரசாங்கம் தன்னை ஜெயில்ல போட்டப்ப கோர்ட்ல நின்ன ஒரு மனுஷன் இப்படி பேசுறான்னா, அவன் மாறிட்டானா இல்ல ஆரம்பத்துல இருந்தே அப்படித்தானா? ஜமீன்தாரோட சொத்துரிமையைக் காப்பாத்துற கோர்ட்டைத்தான் அவர் எப்பவும் எதிர்த்தாரு, அந்த வகைல அவர் மாறவே இல்லங்கிறது என் எண்ணம், ஆனா அடுத்த அரசாங்கம் வேற பார்வையோட வந்தா என்ன பண்ணுவீங்கன்ற கேள்விக்கு அந்த வாதத்துல பதில் கிடையாது. இதை அலசாம தொடர்ல "சர்ச்சைக்குரிய முடிவு"ன்னு சொல்லிட்டு போயிட்டாங்க. அட, சர்ச்சை என்னன்னு சொல்லுங்கப்பா, அதுக்குத்தானே காசு குடுத்தேன்.

மிச்ச நேரத்தை எதுக்கு வச்சிருந்தாங்கன்னு பத்தாவது கேட்டப்ப புரிஞ்சுது. 1973 மே 31, சென்னைல இருந்து டெல்லி போன இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் அங்க பாலம் ஏர்போர்ட் பக்கத்துல விழுந்து நொறுங்குது, 65 பேர்ல 48 பேர் போயிட்டாங்க, அவரும் அதுல ஒருத்தர். வயசு 56. எம்.பி.யா இருந்ததே ரெண்டு வருஷம் சொச்சம்தான். இதுக்கு முழு எபிசோடு இடிச் சத்தம், பெண்கள் அலறல், சீரியல் மியூசிக். நான் ஹெட்ஃபோனை கழட்டிட்டேன்.

குரல் பத்தியும் சொல்லணும். பாதி இடத்துல மனுஷன், பாதி இடத்துல மெஷின்னு சந்தேகமா இருக்கு. அரசியல் சட்டத்தோட 25வது திருத்தத்துல வந்த 31சி பிரிவை "முப்பத்தொன்று டிகிரி செல்சியஸ்"னு படிக்குது, பஸ்ல சத்தமா சிரிச்சுட்டேன், பக்கத்து சீட்டு அக்கா ஒரு மாதிரி பாத்தாங்க. கவர் படத்துல இருக்குறது ராணுவ உடுப்பு போட்ட அண்ணன். கடைசில பையன் ரங்கராஜன் குமாரமங்கலத்தை காங்கிரஸ் மந்திரினு மட்டும் சொல்லி முடிச்சுட்டாங்க, அவர் பா.ஜ.க.வுக்கு போயி திருச்சில ரெண்டு தடவை ஜெயிச்சு வாஜ்பாய் அரசுல மின்துறை மந்திரியா இருந்தப்ப 2000ல இறந்தவரு. அவரும் வக்கீல்தான்.

காசு விஷயம்: ஏழு நாள் ஃப்ரீனு போட்டிருக்கும், ஆனா ஆட்டோ-பே ஆன் ஆகித்தான் இருக்கும், எனக்கு எட்டாவது நாள் காலைல அஞ்சு மணிக்கே காசு எடுத்துட்டாங்க. கஸ்டமர் கேர்ல மெயில் போட்டா "உங்கள் பொறுமைக்கு நன்றி"ங்கிறான், எனக்கு எங்க பொறுமை. கேக்கணும்னா முதல் நாளே ஆட்டோ-பேயை ஆஃப் பண்ணிட்டு நாலு, ஏழு, ஒன்பது மூணையும் கேளுங்க, ஸ்பீடு ஒன்றேகால்ல வச்சா அந்த வீணையும் சீக்கிரம் முடிஞ்சுரும்.