ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் வகுப்பு: 12 வாரம் போனதில்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது துணி வாங்கும் பையர்களோடு பேசி ஆர்டரைக் கவனிப்பது. நாள் முழுக்க மெயில்தான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்கிறோம் என்று நினைத்து, 'வீ வில் ரிவர்ட் த ஸ்டைல் பை ஃப்ரைடே' என்று ஜெர்மனி பையருக்கு எழுதினேன். எந்தப் பழைய டிசைனுக்குத் திரும்பப் போகிறீர்கள் என்று அவர் பதறிக் கேட்டார். 'ரிவர்ட்' என்றால் முன்பிருந்த நிலைக்குத் திரும்புவதாம். அந்த வாரமே வீட்டுக்குப் பக்கத்தில் நடக்கும் இலக்கண வகுப்பில் சேர்ந்தேன். கட்டணம் 3,000 ரூபாய்.

நடத்துபவர் ரிட்டயர்டு வாத்தியார். போர்டில் முதலில் தமிழ் வாக்கியத்தைத்தான் எழுதுவார். 'நேற்றுதான் சாம்பிள் அனுப்பினோம்.' வகுப்பில் பாதிப் பேர், நான் உட்பட, 'யெஸ்டர்டே ஒன்லி வீ ஹேவ் சென்ட்' என்று எழுதினோம். "அம்மிணி, இந்த 'ஒன்லி' நம்ம 'தான்' போட்ட வேஷம்" என்றார் சார். வார்த்தையின் வாலில் ஒட்டுவது தமிழுக்குச் சரி. இங்கிலீஷில் 'வீ சென்ட் இட் ஜஸ்ட் யெஸ்டர்டே' போதும். நேற்று என்று நாளைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' வரவே கூடாது. 'டிஸ்கஸ் அபவுட்' கதையும் இதுதான். 'அதைப் பற்றிப் பேசலாம்' என்பதில் உள்ள 'பற்றி'யைத் தூக்கிக்கொண்டு போகிறோம். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே அது இருக்கிறது. பிழை திருத்தும் ஆப் சிவப்புக் கோடு போடும், சரி. அந்தப் பிழை எனக்குள் எங்கிருந்து வருகிறது என்று இங்கேதான் தெரிந்தது.

குறை இல்லாமல் இல்லை. 5 மணி வகுப்பு 5.20க்குத்தான் தொடங்கும். நோட்ஸ் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தது, பாதி எழுத்து தெரியாது. பேச்சுப் பயிற்சி அறவே கிடையாது. பையர் போன் செய்தால் எனக்கு இன்னமும் வியர்க்கிறது. தேதியை முன்னால் தள்ளி வைப்பதற்கு நாம் சொல்லும் 'ப்ரீபோன்' தப்பு என்று சார் அடித்துவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறதே என்று போனில் எடுத்துக் காட்டினேன். "இருக்கட்டும். ஜெர்மனிக்காரருக்குப் புரியுமா?" என்றார். அதுவும் நியாயம்தான்.

மெயில் எழுதிப் பிழைப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். இன்டர்வியூவுக்குப் பேசிப் பழக வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பாருங்கள்.

போன வாரம் 'டிஸ்கஸ் த லேப் டிப்' (லேப் டிப் என்றால் சாய நிறம் சரிபார்க்கும் துணி மாதிரி) என்று அழகாக எழுதி மேனேஜரிடம் காட்டினேன். "அபவுட் விட்டுப்போச்சு பாரு" என்று அவரே சேர்த்து அனுப்பிவிட்டார்.