லோ வோல்டேஜ் மலையில் எந்த பவர் சப்ளை?

கனமான டிரான்ஸ்பார்மரை நம்பும் லீனியர் சப்ளை இருந்தால் நல்ல ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்), கரண்டை வேகமாக வெட்டி மாற்றும் எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) என்றால் மட்டம் என்று ஆடியோ பிரியர்கள் பல வருடமாகச் சொல்லிவருகிறார்கள். பிளக்கில் 230 வோல்ட் நிலையாக வருகிற ஊரில் அதில் பாதி உண்மை உண்டு. நீலகிரியின் கோத்தகிரிக்கும் குந்தாவுக்கும் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் சரிப்படாது. பைக்காரா தண்ணீரில் 1932இலேயே மின்சாரம் எடுக்க ஆரம்பித்த மாவட்டம்தான் இது. ஆனால் ஊர்க்கோடித் தோட்டத்து வீட்டுக்கு நீளமான கம்பி வழியாகத்தான் கரண்ட் வந்து சேர வேண்டும். குளிர்காலக் காலையில் எல்லா வீட்டிலும் கீசர் போட்டபின் மீட்டர் 180 காட்டினால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

அந்த 180இல் லீனியர் சப்ளைக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். 12 வோல்ட் செகண்டரி (வெளியீட்டுச் சுருள்) உள்ள டிரான்ஸ்பார்மர், ஏ.சி.யை டி.சி. ஆக்கும் டயோடு பிரிட்ஜ், அதைச் சமப்படுத்தும் கெபாசிட்டர், 12 வோல்ட்டில் நிலைநிறுத்தும் 7812 ரெகுலேட்டர்: கடையில் கிடைக்கிற பாதி போர்டுகள் இப்படித்தான் இருக்கும். 230 வந்தால் செகண்டரியின் உச்சம் 17 வோல்ட், டயோடுகள் 1.4 தின்றதுபோக 15.5 மிஞ்சும். 7812க்குத் தன் அவுட்புட்டைவிட 2 வோல்ட்டாவது கூடுதலாக, அதாவது 14 வேண்டும். ஆக, தப்பிவிடுகிறது. 180 வந்தால் செகண்டரி 9.4, அதன் உச்சம் 13.3, டயோடுகள் தின்றபின் 11.9. ரெகுலேட்டர் கைவிட்டுவிடும். கெபாசிட்டரில் மிச்சமிருக்கும் ரிப்பிள் (டி.சி.மேல் ஏறி இறங்கும் அலை) அப்படியே ஆம்புக்குள் போகும். நம் சப்ளை 50 ஹெர்ட்ஸ், பிரிட்ஜ் இரண்டு பாதியையும் நிமிர்த்துவதால் ஸ்பீக்கரில் கேட்பது 100 ஹெர்ட்ஸ் ‘உர்ர்ர்’. ராத்திரி பத்து மணிக்குக் காணாமல் போகிற இந்த ஹம், காலை ஏழு மணிக்குத் திரும்பி வருவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

இதற்கு மருந்து லேசானது. 15 வோல்ட் செகண்டரி போடுங்கள்; 180இலும் 15 வோல்ட்டுக்குமேல் கிடைக்கும். முழு 230 வருகிற நேரத்தில் ரெகுலேட்டர் 8 வோல்ட்டை வெப்பமாகக் கொட்டும். அரை ஆம்பியர் இழுத்தால் 4 வாட்ஸ், பெரிய ஹீட் சிங்க் தேவை. ஊட்டியில் டிசம்பர் மாதம் அந்தச் சூட்டைப் பற்றி யாரும் புகார் சொல்லப்போவதில்லை.

ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்பில் நிலைமை வேறு. பெரும்பாலான கிளாஸ் ஏபி (வழக்கமான டிரான்சிஸ்டர் வகை) ஆம்ப்களில் ரெகுலேட்டரே கிடையாது. வோல்டேஜ் 230இலிருந்து 180க்கு இறங்கினால் பவர் அந்த விகிதத்தின் வர்க்கமாக இறங்கும். 50 வாட்ஸ் ஆம்ப் சுமார் 30 வாட்ஸ் ஆகிவிடும். தவில் அடி விழும்போது ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுக் கிளிப் ஆகிறது என்றால் ஸ்பீக்கரைத் திட்டிப் பயனில்லை.

இங்கேதான் எஸ்.எம்.பி.எஸ். ஜெயிக்கிறது. 230ஐ நேரடியாக 325 வோல்ட் டி.சி. ஆக்கி, நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சின்ன ஃபெரைட் டிரான்ஸ்பார்மர் வழியாக அனுப்புகிறது. 100 முதல் 240 வரை என்று லேபிளில் இருந்தால் கீசர் போட்டாலும் அணைத்தாலும் அவுட்புட் அசையாது. அதன் சுவிட்சிங் இரைச்சல் காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. மீடியம் வேவ் ரேடியோவுக்கு மட்டும் எட்டும். மட்டமான அடாப்டரைப் பக்கத்தில் வைத்தால் ஸ்டேஷனே பிடிக்காது. அதைவிடத் தொல்லை, இரண்டு பின் அடாப்டர்களில் உள்ளே பிரைமரிக்கும் (சுவர்ப் பக்கம்) செகண்டரிக்கும் நடுவே இருக்கும் ஒய் கெபாசிட்டர். அதன் கசிவுதான் ஆம்பின் உலோகத்தைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏறுகிறது. அதுவே பெட்டிகளை இணைக்கும் ஆர்.சி.ஏ. ஒயரின் ஷீல்டு வழியாக அடுத்த பெட்டிக்குப் போய் இரைச்சலாகிறது. மூன்று பின்னும் உருப்படியான எர்த்தும் இருந்தால் இது பெரும்பாலும் அடங்கிவிடும்.

ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் மட்டும் என் பேச்சைக் கேட்டு எல்லாவற்றையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு மாற்றிவிட வேண்டாம். பிளேயரின் ஊசியைத் தாங்கும் எம்.எம். (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். ஃபோனோ ஸ்டேஜ் என்ற முதல் பெருக்கி அதை ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்கும், ரெக்கார்டுகளுக்கான ஆர்.ஐ.ஏ.ஏ. சமன் கணக்கில் 50 ஹெர்ட்ஸுக்கு அதற்குமேல் இன்னும் ஏழு மடங்கு; ஹம்மும் சேர்ந்தே பெருகும். இந்த இடத்தில் டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்பார்மரும் நல்ல லீனியர் சப்ளையும்தான் என் தேர்வு, டிரான்ஸ்பார்மரை பிளேயரிலிருந்து தள்ளி வைத்து. அல்லது யு.பி.எஸ்.ஸில் போடுகிற 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டு. சுவரோடு சம்பந்தமே இல்லாததால் கசிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. பாட்டு ஓடும்போது சார்ஜரைக் கழற்றிவிட வேண்டும், அவ்வளவே. அதே பேட்டரியில் ஒரு கிளாஸ் டி (சுவிட்சிங் வகை) ஆம்ப் போர்டும் ஓட்டலாம், ஆனால் 8 ஓமில் பத்து வாட்ஸ் கிடைத்தால் பெரிது. லித்தியம் வைத்திருப்பவர்கள் உறைபனி விழுகிற விடியலில் வெளி ஷெட்டில் சார்ஜ் போடாதீர்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அந்த செல்கள் கெட்டுப்போகும்.

ஜூன், ஜூலை காற்றில் லைன்மேல் மரம் விழுந்தால் எல்லோருமே இன்வெர்ட்டரில்தான் இருப்போம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் உச்சம் 325 அல்ல, 230 பக்கம்தான். லீனியர் சப்ளை உச்சத்தை நம்பிப் பிழைப்பது; டி.சி. முப்பது சதவீதம் விழும், டிரான்ஸ்பார்மரும் உறுமும். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு அது 163 வோல்ட் வந்தமாதிரி, கண்டுகொள்ளாது. லீனியர் வைத்திருப்பவர் சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்குவதே நல்லது. ஸ்டெபிலைசர் என்றால் சர்வோ வகை. ரிலே வகை குளிர்சாதனப் பெட்டிக்குப் போதும், பாட்டு நடுவில் ‘டக்’ என்று தாவும்.

ஆக, ஃபோனோவுக்கும் ப்ரீ-ஆம்புக்கும் (பவர் ஆம்புக்கு முந்தைய பெட்டி) லீனியர், பவர் ஆம்புக்கு எர்த் உள்ள எஸ்.எம்.பி.எஸ். உங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்கு மல்டிமீட்டர் 210க்குக் கீழே இறங்காது என்றால் கனமான டிரான்ஸ்பார்மர் ஆம்பையே தாராளமாக வாங்குங்கள். டாக்குக்கு (டிஜிட்டல் பாட்டை அனலாக் ஆக்கும் டி.ஏ.சி. பெட்டி) தனியாக விலை உயர்ந்த லீனியர் சப்ளை வாங்குவதை மட்டும் தள்ளிப்போடலாம். அதன் உள்ளே ஏற்கெனவே ரெகுலேட்டர்கள் உண்டு, வித்தியாசம் காதில் விழுவது அபூர்வம். அந்தக் காசில் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.