நஸ்யமா, கஷாயமா? தீராத சளிக்கு எது கேட்கும்

மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்றைப் பற்றிக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் எழுந்தால் மூக்கு அடைத்திருக்கும். தொண்டையில் கோழை ஒட்டிக்கொண்டு, காறினாலும் வராது. ஆடி மழை பிடித்துவிட்டால் அதே மூக்கு ஒழுகும். வீட்டில் பாட்டி நொச்சி இலையைக் கொதிக்க வைப்பார், பக்கத்து வீட்டுச் சேச்சி ராஸ்னாதிப் பொடியை நீட்டுவார், கடைத்தெரு வைத்தியசாலையில் கஷாய பாட்டில் தருவார்கள். இதில் எதை எடுப்பது?

சளி எங்கே நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மூக்கு, நெற்றி, கன்னத்துக்குள் தேங்குகிற சளிக்கு ஒரு வழி. தொண்டையிலும் நெஞ்சிலும் கட்டுகிற கோழைக்கு வேறு வழி. இதைப் பார்க்காமல் பாட்டில் வாங்கிக் குடித்துவிட்டு, 'மருந்து கேட்கவில்லை' என்று சொல்பவர்கள் எங்கள் பக்கம் நிறைய.

மாதக்கணக்கில் மூக்கடைப்பு, தலைபாரம், வாசனை தெரியாமை என்று கிடப்பவருக்கு, மூக்கில் மருந்துத் தைலம் விடும் நஸ்யத்தைத்தான் நான் முன்னால் வைப்பேன். கேரள வைத்தியர்கள் கையில் வைத்திருக்கும் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் மூக்கைத் தலைக்கு வாசல் என்கிறது. கழுத்துக்கு மேலே உள்ள நோய்க்கு மருந்து அந்த வாசல் வழியாகவே போக வேண்டும் என்பது அதன் கணக்கு. அதிகம் பயன்படுவது அணு தைலம். நல்லெண்ணெயை மூலிகைக் கஷாயத்தோடு பத்து முறை காய்ச்சி, கடைசி முறை ஆட்டுப்பாலும் சேர்த்து இறக்குவது.

வைத்தியசாலையில் செய்வதைப் பார்த்தால், மருந்து விடுவதற்கு முந்திய வேலைதான் பெரிதாக இருக்கும். முகத்திலும் நெற்றியிலும் எண்ணெய் தடவி, வியர்க்கும்வரை ஒத்தடம் கொடுப்பார்கள். மல்லாக்கப் படுக்க வைத்துத் தலையைச் சற்றுத் தாழ்த்தி, ஒரு துவாரத்தை மூடிக்கொண்டு மற்றதில் இளஞ்சூடான தைலத்தை விடுவார்கள். கண்ணில் நீர் முட்டும், தொண்டை காறும். இறங்கி வருவதை விழுங்கக் கூடாது. இரண்டு பக்கமும் திரும்பித் துப்பிவிட்டு வெந்நீரில் கொப்பளிக்க வேண்டும். நூல் சொல்லும் அளவும் வேடிக்கையானது. ஆள்காட்டி விரலை இரண்டு கணு வரை முக்கி எடுத்தால் சொட்டுவதுதான் ஒரு துளி. அதில் 6, 8, 10 என மூன்று அளவுகள். இன்றைய டிராப்பரில் விழும் சொட்டைவிட அது பெரியது. வீட்டில் விட்டுக்கொள்ளும் பிரதிமர்சம் என்ற சிறிய முறைக்கு 2 துளி போதும்.

ஆனால் நஸ்யத்துக்குத் தடைகள் அதிகம். புதிதாகப் பிடித்த சளி, காய்ச்சல், சாப்பிட்ட உடனே, குளித்த உடனே, கர்ப்ப காலம், இவற்றில் எல்லாம் கூடாது. நேற்று ஜலதோஷம் பிடித்தவர் இன்று தைலம் விட்டுக்கொண்டால் அடைப்பு கூடத்தான் செய்யும். எண்ணெயை வைத்தியர் சொல்லாமல் மாதக்கணக்கில் மூக்கில் விட்டுக்கொண்டே இருந்தால், அது நுரையீரலுக்குள் இறங்கி ஒருவகை நிமோனியா வரவும் இடமுண்டு. கைக்குழந்தைக்கும் விழுங்கச் சிரமப்படும் முதியவருக்கும் இந்த ஆபத்து அதிகம்.

தொண்டைக் கோழைக்கும் இருமலுக்கும் கஷாயம்தான் கைகொடுக்கும். தசமூலகடுத்ரயம் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். வில்வம், கண்டங்கத்தரி, நெருஞ்சில் முதலான பத்து வேர்கள், சுக்கு, மிளகு, திப்பிலி, ஆடாதோடை சேர்ந்தது. வழக்கமாகச் சொல்லும் அளவு 15 மில்லி கஷாயத்தில் 45 மில்லி வெந்நீர், வெறும் வயிற்றில் காலையும் மாலையும். முதல் மடக்கில் கசப்பு, அப்புறம் நாக்கின் அடியில் திப்பிலிக் காரம். அந்தக் கணக்கில் 200 மில்லி பாட்டில் ஒரு வாரம்கூட வராது, பர்ஸ் அதைச் சொல்லும். வேலைக்குப் போகிறவர்கள் கஷாய மாத்திரைக்கு மாறிவிடுகிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல். இருமல் இல்லாமல், சும்மா தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பவர்களில் சிலருக்கு அது சளியே இல்லை. இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே படுப்பதால் மேலேறும் வயிற்றுப் புளிப்பு. அவர்களுக்குத் திப்பிலியும் மிளகும் எரிகிற வயிற்றை இன்னும் எரிய வைக்கும். திப்பிலியை அளவு மீறி, தொடர்ந்து உண்ணக் கூடாது என்று பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையே எச்சரிக்கிறது. லேகியம் நாக்குக்கு இதம், பாதி வெல்லமோ சர்க்கரையோதான். சர்க்கரை நோயாளி தொடாமல் இருப்பதே நல்லது.

ராஸ்னாதிப் பொடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தலை குளித்துத் துவட்டியதும் உச்சியில் ஒரு சிட்டிகை தேய்ப்பது. மலிவு, கெடுதல் இல்லை. பழைய சளியை அது வெளியே கொண்டுவரும் என்று நான் நம்பவில்லை. நொச்சி ஆவி அடைப்பைக் கொஞ்ச நேரம் இளக்கும், அவ்வளவுதான். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கொதிக்கும் பாத்திரத்தை வைத்துப் போர்வை போடுவது எனக்குப் பயமான காரியம்.

இவற்றையெல்லாம்விட மலிவான ஒன்று உண்டு. ஆயுர்வேதத்தைவிட யோகாசன வகுப்புகளில்தான் அதிகம் சொல்லித்தருகிறார்கள்: உப்பு நீரால் மூக்கைக் கழுவும் ஜலநேதி. நாள்பட்ட பீனிசத்துக்கு, அதாவது சைனஸ் தொல்லைக்கு, நவீன மருத்துவர்களும் இதைச் சொல்கிறார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்தே பயன்படுத்த வேண்டும். கேரளத்தில் 2024-லும் அடுத்த ஆண்டிலும் மூளையைத் தாக்கும் அமீபாவால் உயிர்கள் போனது நினைவிருக்கும். அது மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது. கிணற்றுத் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ அப்படியே மூக்கில் விடவே கூடாது.

என் வரிசை இதுதான்: முதலில் இரவுத் தயிரை நிறுத்தி, கொதித்து ஆறிய உப்பு நீரில் கழுவுவது. மூக்கு அப்போதும் திறக்காவிட்டால் வைத்தியர் கையால் நஸ்யம். கோழை கட்டி இருமினால் குறுகிய காலம் கஷாயம். இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் எது கேட்டது என்று தெரியாமல் போய்விடும். ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தமோ நாற்றமோ வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். இருமல் 2 வாரம் தாண்டினால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்துகொண்டு, பிறகு வைத்தியசாலைப் பக்கம் போகலாம்.