டிடி-830டி மல்டிமீட்டர்: பழைய கார் வயரிங்குக்குத் தேறுமா?

திருநெல்வேலி ஜங்ஷன், டவுன் பக்கம் எலெக்ட்ரிக்கல் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வோல்ட், கரண்ட் எல்லாம் பார்க்கும் குட்டி மீட்டர் இது. மாருதி 800, அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் கூடவே ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பும் வாங்கி, இரண்டு வயர் பற்றவைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் வோல்ட் பார்க்கும்போது மீட்டர் கரண்டே இழுப்பதில்லை என்று சொல்லலாம். பச்சை பூத்துப்போன கனெக்டரிலும் ஜம்மென்று 12 வோல்ட் காட்டும். ‘சப்ளை வருது, பல்புதான் போச்சு’ என்று புதுசு மாட்டினால் அதுவும் எரியாது. அதே இடத்தில் கரண்ட் இழுக்கும் 21 வாட் பல்பைக் கொடுத்தால் மங்கி அழும்; குட்டு உடைந்துவிடும்.

வாங்கிய காசுக்கு இந்த மீட்டர் உழைப்பது வோல்டேஜ் டிராப், அதாவது கரண்ட் ஓடும்போது வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று பார்ப்பதில்தான். ஹெட்லைட் மங்கலா? லைட்டைப் போட்டு, 20 வோல்ட் டிசி ரேஞ்சில், ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை பல்பு ஹோல்டரின் எர்த் பின்னிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சுத்தம். அரை வோல்ட்டைத் தாண்டினால் பாடி எர்த் போல்ட்டைக் கழற்றி, தகரம் பளிச்சென்று தெரியும்வரை எமரி போட்டு இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டி என்றால் முதல் சந்தேகமே இங்கேதான். எர்த் சரியாக இருந்தால், பேட்டரி பாசிட்டிவுக்கும் ஹோல்டரின் சப்ளை பின்னுக்கும் நடுவே இதேபோலப் பாருங்கள். அங்கே ஒரு வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் பெரும்பாலும் ஸ்விட்ச் காண்டாக்ட் கருகியிருக்கும். ரிலே (பெரிய கரண்டைத் தான் சுமக்கும் துணை ஸ்விட்ச்) இல்லாத வண்டியில் இரண்டு பல்பின் மொத்தக் கரண்டும், சுமார் 10 ஆம்பியர், அந்த ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. ஸ்விட்சை மாற்றுவதோடு ரிலேயும் போட்டுவிடுங்கள்.

நிறுத்திவைத்த வண்டியில் பேட்டரி இறங்குவதைப் பிடிக்க இது சுமார்தான். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டரைக் கொடுக்கும்போது 10 ஆம்பியர் சாக்கெட்டில் ஆரம்பியுங்கள். எடுத்தவுடன் 200 மில்லிஆம்பியர் ரேஞ்சுக்குப் போனால், கதவு திறந்து ரூம் லைட் எரிந்தாலே மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். 0.05 ஆம்பியருக்கு மேல் காட்டினால் கார் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை எடுத்ததும் இறங்குகிறதோ அந்த லைனில் கசிவு. மீட்டர் நடுவில் இருக்கும்போது செல்ஃப் அடிக்கவே கூடாது. 10 ஆம்பியர் சாக்கெட்டுக்கு ஃபியூஸ் கிடையாது, முகப்பிலேயே போட்டிருக்கும். வேலை முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் சாக்கெட்டுக்கு மாற்றாமல் பேட்டரியில் வைத்தால் நேர் ஷார்ட், முனை உருகிவிடும்.

புரோப் வயர் மட்டம், சீக்கிரம் அறுந்துவிடும். வாங்கும்போதே இரண்டு முனையையும் சேர்த்து பஸ்ஸர் அடிக்கிறதா பாருங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு திரையைப் பார்க்க முடியாது, அந்தச் சத்தம்தான் துணை.

இன்னொரு தொல்லை, உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் ரீடிங் கூடுதலாகக் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்கவேண்டிய இடத்தில் 16 காட்டினால், டைனமோவைக் கழற்றும் முன் மீட்டரின் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.