கருவியை மாற்றுவதா, கால அட்டவணையை மாற்றுவதா?

உயர்கல்விக் கற்பித்தலில் தொழில்நுட்பத்தைப் புகுத்துவதற்குச் சிங்கப்பூரில் இரண்டு வழிகள் கையாளப்பட்டு வருகின்றன. பொதுவான இணையத்தளம் ஒன்றை அமைத்துக் கொடுத்து, அதை எந்த அளவுக்குப் பயன்படுத்துவது என்பதை விரிவுரையாளரிடமே விட்டுவிடுவது ஒன்று. வகுப்பு நடக்கும் முறையை நிர்வாகமே முதலில் மாற்றிவிட்டு, அதற்கேற்ற கருவிகளைப் பிறகு தேடிக்கொள்வது மற்றொன்று.

முதல் வழிக்குச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் எடுத்துக்காட்டு. 1998இல் அது தானே உருவாக்கிய ஐவிஎல்இ தளத்தை அடுத்து லூமினஸ் வந்தது, இப்போது கேன்வாஸ். பொறியியலும் வரலாறும் ஒரே கூரையின்கீழ் இயங்கும் பெரிய பல்கலைக்கழகத்தில் ஒரே கற்பித்தல் முறையை எல்லார்மீதும் சுமத்த இயலாது என்பதால், இந்தச் சுதந்திரத்துக்கு நியாயம் உண்டு. ஆனால், பாடக்குறிப்பைப் பதிவேற்றுவதோடும் விரிவுரையைப் படம்பிடித்து வைப்பதோடும் ஒருவர் நின்றுவிடவும் இது இடம் கொடுக்கிறது. 2020 ஏப்ரலில் கொவிட்-19 நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் நடப்புக்கு வந்தபோது வகுப்புகள் சில நாள்களில் திரைக்கு மாறின. பேசுபவர் ஒருவர், கேட்பவர் பலர் என்ற ஏற்பாடு பெரும்பாலும் அப்படியே இருந்தது.

இரண்டாம் வழியில், 2002இல் நிறுவப்பட்ட ரிப்பப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் ஒரு நாள் முழுவதும் ஒரே சிக்கலை ஆராய்ந்து தீர்க்கும் ‘நாளுக்கு ஒரு சிக்கல்’ என்ற முறையைத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொண்டது. டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி 2007இல் முதல் அணியைச் சேர்த்தபோது விரிவுரையை வகுப்பறையிலிருந்து வெளியேற்றியது. மாணவர்கள் காணொளிப் பதிவுகளையும் பாடங்களையும் முன்கூட்டியே படித்து வருவர். வகுப்பில் முதலில் தனித்தனியே தேர்வெழுதி, பிறகு அதே வினாக்களுக்குக் குழுவாக விடையளிப்பர்; இதுவே குழுவழிக் கற்றல். தனியாக எழுதியபோது உறுதியாகத் தோன்றிய விடையைச் சக மாணவர் முன் காரணத்தோடு நிறுவ வேண்டியிருக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் கற்றல் நடக்கிறது. காணொளி இதற்கு நேரத்தை ஒதுக்கித் தருகிறது, அவ்வளவே.

என் சார்பு இரண்டாம் வழியின் பக்கம்தான். எனினும், அவ்வழியில் சென்ற இவ்விரண்டும் புதிதாகத் தொடங்கிய கல்விக்கூடங்கள். விட்டுக்கொடுக்க வேண்டிய பழைய வழக்கமோ, மனம் மாற்ற வேண்டிய மூத்த பேராசிரியரோ அங்கே இல்லை. 2013இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய லீ கொங் சியான் மருத்துவக் கல்லூரியும் குழுவழிக் கற்றலைப் புதுமனையில்தான் குடிவைத்தது.

பாடத்தின் இயல்பும் குறுக்கே வரும். சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் வேலை முடிந்து மாலையில் தமிழ் இலக்கியம் பயில வருபவருக்குக் காணொளிப் பதிவு பெரும் உதவி; குழுத்தேர்வு அப்படியே பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஒரு சங்கப் பாடலில் பேசுவது தலைவியா தோழியா என்று கேட்டால் குழு விறுவிறுப்பாக வாதிடும். உரையாசிரியர்களே வேறுபடும் இடத்தில் ஒரே சரியான விடைக்கு மதிப்பெண் தருவது அந்த வாதத்தை முடக்கிவிடும்.

ஆகவே, பழைய பல்கலைக்கழகத் துறைத் தலைவர் ஒருவர் தொட வேண்டியவை கால அட்டவணை, மதிப்பீட்டு விதி, பணிநேரக் கணக்கு ஆகிய மூன்றும்தான். வினா அமைப்பை அவர் ஆசிரியரிடம் விட்டுவிடலாம். மூன்றில் கடைசியானதே கடினமானது: குழுவகுப்புக்கு வினா ஆக்கச் செலவாகும் மணிநேரத்தைக் கற்பித்தல் நேரமாக ஏற்காத துறையில், புதிய விரிவுரையாளர் இரண்டாம் பருவத்திலேயே பழைய படவில்லைகளுக்குத் திரும்பிவிடுவார்.