விசிட் விசாவில் ஃபேக்டரி கட்டக் கூப்பிட்டால் ஏறாதீர்கள்: நீலகிரி வெல்டர், ஃபிட்டர் தம்பிகளுக்கு

கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள். "துபாயில் புது ஃபேக்டரி எழும்புது, ஸ்ட்ரக்சர் ஃபிட்டரும் வெல்டரும் வேணும். ஒன்றரை லட்சம் கட்டினா இருபது நாள்ல ஃப்ளைட்" என்று அதே பேச்சு. போன தடவை இதை நம்பி ஏறிய ஆறு பேர் இரண்டு மாதச் சம்பளத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாத காலத்தில் வீட்டு நகையை அடகு வைத்துக் கட்டிய பணம்.

எல்லாமே போலியாக இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். கோயம்புத்தூரில் வைத்த டிரேடு டெஸ்ட் நிஜமானது. பைப்பை 45 டிகிரி சாய்த்து, திருப்பாமல் சுற்றி வெல்டு அடிக்கிற 6ஜி டெஸ்ட். தேயிலை ஃபேக்டரியில் டிரையர் டக்ட் அடித்துப் பழகிய பையன்கள் பாஸானார்கள், அதோடு நம்பிக்கையும் வந்துவிட்டது. பிறகு வாட்ஸ்அப்பில் வந்த விசா 60 நாள் விசிட். "போனதும் மாத்திக்கலாம் தம்பி, ஏர்போர்ட்ல கேட்டா மாமாவைப் பார்க்கப் போறேன்னு சொல்லு" என்றார் ஏஜென்ட். பொய் சொல்லிப் போகச் சொன்ன அந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும்.

ஐடிஐ பையன்கள் சிக்குவதற்கு ஒரு காரணம் உண்டு. பத்தாவது பாஸ் ஆகாதவர்களின் பாஸ்போர்ட் இசிஆர் வகை. அதில் வளைகுடா, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும், அங்கே ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள். ஐடிஐ பையன்களைப் போல பத்தாவது பாஸானவர்களுக்கு அந்தச் சோதனையே இல்லை. ஏஜென்ட்டுக்கு அது வசதி.

சைட்டில் நடந்தது இதுதான். ஹெல்மெட்டில் மெயின் கான்ட்ராக்டர் பெயர், கேம்ப் இன்னொரு கம்பெனியுடையது, சம்பளம் தருவதாகச் சொன்னவர் சப் கான்ட்ராக்டருக்குக் கீழே இருந்த ஒரு ஃபோர்மேன். விசா மாற்றும் செலவு என்று முதல் மாதச் சம்பளத்தைப் பிடித்தார்கள். இரண்டாம் மாதம் ஆளே இல்லை. எந்தக் கம்பெனிக் கணக்கிலும் இவர்கள் பெயர் இல்லாததால் யார் மேல் புகார் கொடுப்பது என்றே தெரியவில்லை. விசா முடிந்த பின் தங்கிய ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதம் வேறு.

இது படிக்காத ஆட்களுக்கு மட்டும் வருகிற கஷ்டமும் இல்லை. 2025 செப்டம்பர் 4 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஹூண்டாய்-எல்ஜி பேட்டரி ஆலை கட்டும் இடத்தில் சுமார் 475 பேரைப் பிடித்தார்கள். அதில் 300க்கும் மேல் கொரியர்கள், பலர் குறுகிய காலப் பயண அனுமதியில் வந்தவர்கள்.

பணம் கட்டும் முன் மூன்று காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஆஃபர் லெட்டர், விசா, ஏஜென்ட்டிடம் அந்தக் கம்பெனி கொடுத்த டிமாண்ட் லெட்டர். மூன்றிலும் கம்பெனி பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இந்த ஆறு பேரின் ஆஃபர் லெட்டரில் தலைப்பில் 'ஸ்டீல்', கீழே சீலில் 'ஸ்டீல்ஸ்'. அவை இரண்டு வேறு கம்பெனிகள். எமிரேட்ஸ் தொழிலாளர் அமைச்சகத்தின் அசல் ஆஃபர் லெட்டர் தமிழிலும் கிடைக்கும். "தமிழ்ல குடுங்க" என்று கேளுங்கள். அதிலுள்ள எண்ணை அமைச்சகத்தின் தளத்தில் போட்டால் அசலா என்று தெரியும்.

பேசிக் (அடிப்படை) சம்பளத்தைத் தனியாகப் பாருங்கள். மொத்தம் 1,800 திர்ஹம் என்பார்கள், பேசிக் 700தான் இருக்கும். ஓவர்டைம் பணம் பேசிக்கை வைத்துத்தான் கணக்கு (பகலில் 25 சதவீதம் கூடுதல், இரவு 10 முதல் 4 வரை 50). வேலையை விடும்போது தரும் கிராஜுவிட்டியும் (முதல் ஐந்து வருடம் வரை வருடத்துக்கு 21 நாள் சம்பளம்) அப்படித்தான்.

இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் ஏஜென்ட்டின் லைசென்ஸ் இருக்கிறதா, இன்னும் செல்லுபடி ஆகிறதா என்று தேடுங்கள். 'அந்த ஏஜென்சியோட சப் ஏஜென்ட்' என்பதை ஏற்காதீர்கள். லைசென்ஸ் உள்ளவரே வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் ரூ.30,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து ரூ.35,400. அதையும் பேங்க் வழியாக, ரசீதோடு கட்டுங்கள். இந்த ஆறு பேரும் ஏஜென்ட்டின் மச்சான் நம்பருக்கு ஜிபே செய்திருந்தார்கள்.

முறையான விசாவில் போயும் சம்பளம் நின்றால், கோபத்தில் கேம்ப்பில் படுத்துக்கொள்ளாதீர்கள். காரணம் சொல்லாமல் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வேலைக்கு வராவிட்டால் ஓடிப்போனதாக கம்பெனி எழுதிக் கொடுக்கலாம், அப்புறம் உங்கள் நியாயம் எடுபடாது. சம்பளத் தேதி தாண்டியும் பணம் வராவிட்டால் எமிரேட்ஸ் தொழிலாளர் அமைச்சகத்தின் 80084க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். டைம் ஷீட்டைத் தினமும் போட்டோ எடுத்து ஊரில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடித்து வைப்பது அங்கேயும் சட்டவிரோதம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. மலைக் குளிரில் வளர்ந்த உடம்பு அந்தச் சூட்டைத் தாங்காது, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இந்தியத் தூதரக உதவிக்கு எமிரேட்ஸிலிருந்து 800 46342, ஊரிலிருந்து 1800 11 3090. லைசென்ஸ் இல்லாமல் ஆள் எடுப்பது 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி குற்றம். வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே ஸ்கிரீன்ஷாட், விசா, போர்டிங் பாஸ் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து காவல் நிலையத்தில் மோசடிப் புகாரும், சென்னை குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கு ஒரு நகலும் கொடுங்கள். இப்போது பாஸ்போர்ட்டை ஏஜென்ட்டிடம் கொடுத்து வைத்திருப்பவர்கள், "விசா அடிக்கணும்" என்று அவர் சொன்னாலும், இன்றைக்கே போய்த் திருப்பி வாங்குங்கள். ஆஃபர் லெட்டரைச் சரிபார்க்கும் வரை அவருக்கு பாஸ்போர்ட் நகல் மட்டும் போதும்.